மே மாசம் வீட்டுக்கு வரும் மகள்



படிப்பை இடையில் விட்ட பெண்பிள்ளைகளுக்காக 2004ல் வந்ததுதான் கஸ்தூரிபா காந்தி பாலிகா வித்யாலயா உண்டு உறைவிடப் பள்ளி. தங்குவது, சாப்பாடு, படிப்பு எல்லாம் இலவசம். காலையில் எழுந்து குளிச்சு, வகுப்புக்குப் போய், சாயங்காலம் விளையாடி, ராத்திரி சேர்ந்து படிக்கலாம். வீட்டில் அந்த நேரம் கிடைக்குமா? தண்ணி எடுக்கணும், தம்பியைத் தூக்கணும், ஆடு மேய்க்கணும்.

கோடை லீவுக்கு வந்த பிள்ளையை அப்படியே நிறுத்திடாதீங்க. வைகாசி முகூர்த்தம்னு மாப்பிள்ளை பேச்சும் வரும். 18 வயசு ஆகாம கல்யாணம் பண்ணி வைப்பது 2006 சட்டப்படி குற்றம். தெரிஞ்சா 1098க்குப் போன் பண்ணுங்க.

மருங்காபுரி குழுக்கள் ஜூன் மாதக் கூட்டத்தில் கேளுங்க: விடுதிப் பிள்ளைங்க எல்லாரும் திரும்பிப் போயாச்சா? பதிலைத் தீர்மான நோட்டில் எழுதுங்க. போகாத பிள்ளை வீட்டுக்கு இரண்டு பேர் போய்ப் பேசுங்க.