நூறு நகலும் ஒரே சாட்சிதான்



'நிறையப் படி, அறிவு தானாக வளரும்' என்று பிள்ளைகளுக்குச் சொல்கிறோம். அதையே கணினியிடம் சொல்லிப் பார்த்தவர்கள் உண்டு. அமெரிக்காவில் பிட்ஸ்பர்க் நகரத்துக் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில், டாம் மிட்செல் குழுவினர் 2010 ஜனவரியில் 'நெல்' என்ற நிரலை ஓடவிட்டார்கள். இரவு பகலாக இணையப் பக்கங்களைப் படித்து, உலகச் செய்திகளைத் தானே சேர்த்துக்கொள்வதுதான் அதன் வேலை.

எப்படிச் சேர்த்தது? நகரம், நிறுவனம், விளையாட்டு என்று வகை பிரித்து, வகைக்குப் பத்துப் பதினைந்து எடுத்துக்காட்டுகளை மட்டும் கொடுத்தார்கள். பிட்ஸ்பர்க் ஒரு நகரம் என்று சொல்லியாகிவிட்டது. 'பிட்ஸ்பர்க் மேயர்' என்று ஒரு பக்கத்தில் வந்தால், மேயர் உள்ள ஊரெல்லாம் நகரம் என்று அது ஊகிக்கும். அந்த ஊகத்தால் புது நகரங்கள்; அவற்றிலிருந்து புது ஊகங்கள். 67 நாளில் 2,42,000-க்கும் மேற்பட்ட செய்திகள் குவிந்தன. சரியானவை ஏறக்குறைய 74 விழுக்காடு. நாலில் ஒன்று பிழை!

பிழை எப்படி வந்தது என்று பாருங்கள். அடுமனைப் பண்டங்களின் பட்டியலில் இணைய 'குக்கீ'யையும் அது சேர்த்துவிட்டது. குக்கீ என்றால் பிஸ்கட்; இணையதளங்கள் நம் கணினியில் போட்டுவைக்கும் சின்னக் கோப்புக்கும் அதே பெயர். 'குக்கீகளை அழித்தேன்' என்று ஓரிடத்தில் படித்தது. 'கோப்புகளை அழித்தேன்' என்று வேறிடத்தில் படித்தது. சரி, கோப்பும் தின்பண்டம்தான் என்று முடிவுகட்டியது! சிரிக்கிறீர்கள். ஆனால் இரண்டாவது பிழைக்கு முதல் பிழைதானே காரணம்? ஒரு பொய் உள்ளே நுழைந்தால் தனியாக வராது. சொந்தபந்தத்தையும் கூட்டிக்கொண்டுதான் வரும்.

இத்தனைக்கும் காவல் இல்லாமல் இல்லை. மனிதர் என்று பதிந்த பெயரை நகரம் என்று பதிய விடமாட்டார்கள். வாக்கியங்களைப் படிக்கும் பகுதி வேறு, பட்டியல்களைப் படிக்கும் பகுதி வேறு. இரண்டும் ஒத்துச் சொன்னால் நம்பிக்கை கூடும். அப்படியும் ஆறு மாதம் தனியே விட்டதில், கால்வாசி வகைகள் தேறவில்லை. பிறகு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, வகைக்கு ஐந்து நிமிடம் மனிதர்கள் உட்கார்ந்து தவறுகளைச் சுட்டிக்காட்டினார்கள்.

நம் கைபேசியிலும் பிழை இப்படித்தானே பரவுகிறது? ஒரே வதந்தி நூறு வாட்ஸ்அப் குழுவில் வந்தால், 'எல்லாரும் சொல்கிறார்கள்' என்று நம்பிவிடுகிறோம். நூறு பேர் நகலெடுத்தாலும் சாட்சி ஒன்றுதான், ஐயா! தனித்தனியே அறிந்த இருவர் சொன்னால்தான் அது இரண்டு சாட்சி.

கேட்டதற்குப் பதில் எழுதித்தரும் இன்றைய பெரிய மொழி மாதிரிகளும் இணையத்தில் நாம் எழுதியதைத்தான் படிக்கின்றன. உங்கள் ஊர்ப் பள்ளி தொடங்கிய ஆண்டு இணையத்தில் தவறாக இருக்கிறதா? பதிவேட்டைப் பார்த்துத் திருத்துங்கள். 'நமக்கென்ன' என்று விட்டால், நாளை உங்கள் பேரனுக்கு அந்தத் தவறையே இயந்திரம் பாடம் நடத்தும். அவனும் அதை நம்பி உங்களைத் திருத்துவான்!