கடலோரப் பள்ளிவாசலுக்குப் போகலாமா?



சித்தூர், திருப்பதிப் பக்கத்திலிருந்து பலர் ராமேசுவரம் போகிறார்கள். கடலில் குளிக்கிறார்கள். சாமி கும்பிடுகிறார்கள். ஊர் திரும்புகிறார்கள். வழியில் ராமநாதபுரம் இருக்கிறது. அங்கிருந்து பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் கீழக்கரை வந்துவிடும். கடற்கரை ஊர். முத்துக்கும் சங்குக்கும் பேர் போன ஊர். அங்கே கல்லால் கட்டிய பழைய ஜும்மா பள்ளிவாசல் இருக்கிறது.

"அது முஸ்லிம்கள் தொழும் இடம். நம்மை விடுவார்களா?" என்று சிலர் தயங்குவார்கள். கேட்டால்தானே தெரியும்? கேட்காமல் திரும்பி வருகிறவர்கள்தான் அதிகம்.

பக்கத்துக் கடப்பையைப் பாருங்கள். அங்கே தேவுனி கடப்பக் கோயில் உண்டு. யுகாதி அன்று முஸ்லிம்கள் அந்தக் கோயிலுக்கு வருகிறார்கள். தேங்காய் பழம் கொண்டுவந்து பெருமாளைக் கும்பிடுகிறார்கள். ஏன்? பீபி நாஞ்சாரம்மா பெருமாளுக்கு வாழ்க்கைப்பட்டவள். அவள் தங்கள் வீட்டுப் பெண் என்பது அவர்கள் நம்பிக்கை. பெண் கொடுத்த வீட்டுக்குச் சீர் கொண்டு வராமல் இருப்பார்களா!

கீழக்கரைப் பள்ளிவாசல் 17ஆம் நூற்றாண்டில் எழுந்தது. கட்டியவர் சீதக்காதி. அவருடைய முழுப்பெயர் ஷெய்கு அப்துல் காதிர் மரக்காயர். கப்பல் வைத்து வியாபாரம் செய்தவர். ராமநாதபுரம் கிழவன் சேதுபதிக்கு வேண்டியவர். தமிழ்ப் புலவர்களுக்கு வாரிக் கொடுத்தவர். நபிகள் நாயகத்தின் வரலாற்றை உமறுப் புலவர் தமிழில் பாடினார். அதுதான் சீறாப்புராணம். பாடச் சொல்லி ஆதரித்தவர் சீதக்காதி.

"செத்தும் கொடுத்தான் சீதக்காதி" என்பது பழமொழி. அவர் இறந்த பிறகு ஒரு புலவர் வந்து சமாதியில் அழுதாராம். சமாதியிலிருந்து மோதிரத்தோடு கை நீண்டதாம். கதைதான். ஆனால் அவரை அடக்கம் செய்த இடம் பள்ளிவாசலை ஒட்டியே இருக்கிறது.

உள்ளே கல் தூண்களைப் பார்த்தால் கோயில் மண்டபம் நினைவுக்கு வரும். அதே மாதிரி தூண், அதே மாதிரி போதிகை. பூவும் கொடியும் செதுக்கியிருக்கும். மனித உருவமோ மிருக உருவமோ இருக்காது. இந்தக் கல்வேலை தமிழ்நாட்டுச் சிற்பிகளின் கைவேலை. ஊரில் வதந்தி கிளம்பும்போது இதை நினைத்துப் பாருங்கள். அடுத்தவர் தொழும் இடத்தை ஒருநாளும் பார்க்காதவர்தான் வதந்தியைச் சீக்கிரம் நம்புகிறார்.

போகும் முறை என்ன? திருமலை மாட வீதியில் செருப்புப் போட்டு நடப்பீர்களா? இங்கேயும் வாசலிலேயே கழற்றிவிடுங்கள். கை கால் மூடிய உடை வேண்டும். பெண்கள் முந்தானையால் தலையை மூடிக்கொள்ள வேண்டும். ஐந்து வேளைத் தொழுகை நேரத்தையும், வெள்ளிக்கிழமை மதியத்தையும் தவிர்த்துவிடுங்கள். பாங்கு சொல்கிறவரை மோதினார் என்பார்கள். அவரிடமோ ஜமாஅத்தாரிடமோ கேளுங்கள். "ஐயா, சித்தூரிலிருந்து வருகிறோம். பார்க்கலாமா?" அவ்வளவுதான். வாசலில் அறிவிப்புப் பலகை இருந்தால் எழுத்துக் கூட்டியாவது படியுங்கள். படிக்கக் கற்றது வேறு எதற்கு?

பெண்கள் தொழுகைக் கூடத்துக்குள் போகும் வழக்கம் பல பழைய பள்ளிகளில் இல்லை. சிலருக்கு இது மனக்குறையாக இருக்கும். ஆனால் விருந்தாளியாகப் போன இடத்தில் வாசலில் நின்று வாதாடுவது சரியல்ல. வெளியே நின்று பார்க்கலாமா என்று கேளுங்கள்.

ஹவுள் என்ற தண்ணீர்த் தொட்டி தொழுகைக்கு முன் கை, முகம், கால் கழுவுவதற்கு. அதில் விளையாடக் கூடாது. தொழுகிறவர் முன்னால் குறுக்கே போகக் கூடாது. கேட்காமல் போட்டோ எடுக்க வேண்டாம். இப்போது எல்லார் கையிலும் செல்போன் இருப்பதால் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

திரும்பும்போது கடைத்தெருவில் தொதல் வாங்குங்கள். அரிசி மாவு, தேங்காய்ப் பால், வெல்லம் சேர்த்துக் கிண்டிய இனிப்பு. இலங்கையிலும் மலேசியாவிலும் இதே பண்டம் உண்டு. பேரும் ஏறக்குறைய இதேதான். கப்பலேறிப் போய் வந்தவர்களோடு பலகாரமும் கடல் தாண்டியிருக்கிறது.