படலை வரை வந்த அச்சு

(வானொலி இலக்கிய நிகழ்ச்சியில் ஒலிபரப்பான உரை)



இருபது ஆண்டுகளாக வகுப்பறையில் நான் ஒரு வசனத்தைச் சொல்லி வருகிறேன். ஆறுமுக நாவலர் 1849ஆம் ஆண்டிலே தமிழகம் சென்று, சென்னையில் அச்சியந்திரம் ஒன்றை வாங்கி யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுவந்தார் என்பதே அவ்வசனம். மாணவர் எழுதிக்கொள்வர். நானும் அடுத்த வசனத்துக்குப் போய்விடுவேன். 'கொண்டுவந்தார்' என்ற சொல்லில் ஒரு கணமாவது நின்றதில்லை. சென்ற ஐப்பசியில் என் வீட்டுக்கும் ஓர் அச்சியந்திரம் வந்தது. சரியாகச் சொல்வதானால், என் வீட்டு ஒழுங்கையின் வாய் வரை வந்தது. அதன் பிறகு அந்த வசனத்தை முன்போல இலேசாகச் சொல்ல எனக்கு நா எழவில்லை.

அது காலால் மிதித்து ஓட்டும் பழைய இயந்திரம். அச்சகத்தார் 'ட்றெடில்' என்பார்கள். ஒரு பக்கத்தில் பெரிய இரும்புச் சில்லு. மேலே வட்டமான மைத்தட்டு. அதில் ஏறி இறங்கும் உருளைகள். ஈய எழுத்துகளைக் கோத்து இறுக்கிய சட்டமும் தாள் வைக்கும் பலகையும் வாய் திறந்து மூடுவதுபோல வந்து பொருந்தும். வலிகாமத்துச் சிற்றூர் ஒன்றில் கலியாணக் கடிதமும் கல்வெட்டும் அடித்துக்கொண்டிருந்த இயந்திரம் இது. பழைய இரும்புக்காரர் கிலோக் கணக்கில் விலை பேசிவிட்டார் என்று கேள்விப்பட்டு, அதே விலையைக் கொடுத்து நான் வாங்கினேன். ஒரு புத்தகம் எப்படிப் பிறந்தது என்பதை மாணவர் கண்ணால் காணட்டும் என்பது என் ஆசை.

அதன் சொந்தக்காரர் சொன்ன ஒரு செய்தி நெஞ்சில் நிற்கிறது. 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி வலிகாமமே பெயர்ந்து போனபோது, அவரும் சைக்கிளில் கட்டக்கூடியதைக் கட்டிக்கொண்டு புறப்பட்டார். எழுத்துப் பெட்டிகளில் ஒன்றைக்கூட எடுக்க முடியவில்லை. 1996இல் திரும்பி வந்தபோது வீட்டில் கதவில்லை, நிலையில்லை, கிணற்றுக் கப்பிகூட இல்லை. இயந்திரம் மட்டும் நின்ற இடத்திலேயே நின்றது. "பாரம்தான் மாஸ்டர் அதைக் காப்பாற்றினது" என்றார். அப்போது அதை ஓர் அழகான வாக்கியமாகவே எடுத்துக்கொண்டேன். பாரம் என்றால் என்ன என்பது பிறகுதான் விளங்கியது.

ஏற்றி இறக்கும் வேலையைச் செய்யும் ஒரு நிறுவனத்தாரிடம் முழுப் பணத்தையும் முற்பணமாகக் கட்டினேன். சனிக்கிழமை காலை வரும் என்றார்கள். அன்று முழுவதும் விறாந்தையில் காத்திருந்தேன். மாலையில் கைத்தொலைபேசியில் கேட்டபோது, "லொறி வெளிக்கிட்டிட்டுது" என்ற பதில் வந்தது. ஞாயிறும் அதே பதில். திங்கள் எவரும் எடுக்கவேயில்லை. புதன்கிழமை நான் பாடசாலையில் நின்ற நேரத்தில் லொறி வந்துவிட்டது. ஒழுங்கைக்குள் திரும்பாது என்று கண்டு, வாயிலேயே இயந்திரத்தை இறக்கி, என் மனைவியிடம் கையெழுத்தும் வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். நான் போய்ப் பார்த்தபோது அது மதிலோரம் சரிந்து நின்றது. என் படலைக்கு இன்னும் முப்பது யார் தூரம். வானம் இருண்டு கிடந்தது.

நிறுவனத்தாரைக் கேட்டேன். பற்றுச்சீட்டைப் படிக்கச் சொன்னார்கள். வாகனம் செல்லும் இடம் வரை என்றுதான் அதில் இருந்தது. தமிழ் படித்தவன், பற்றுச்சீட்டைப் படிக்கவில்லை. அன்றிரவு பெய்த மழையில் தறப்பாளைப் பிடித்துக்கொண்டு நின்றபோது, எனக்கு முன்னே இந்த மண்ணுக்கு வந்த அச்சியந்திரங்களெல்லாம் நினைவுக்கு வந்தன.

1820இல் அமெரிக்க மிஷனின் அச்சாளராக ஜேம்ஸ் கரெற் யாழ்ப்பாணம் வந்தார். அப்போது ஆட்சிப் பொறுப்பில் இருந்த எட்வேட் பாண்ஸ் அவர் இங்கே தங்க அனுமதி கொடுக்கவில்லை. அவர் பம்பாய்க்குப் போக நேர்ந்தது. மானிப்பாயில் மிஷனின் அச்சுவேலை நிலைபெற 1834 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. அதன் பிறகே 1841இல் 'உதயதாரகை' வெளிவந்தது. முப்பது யாருக்கு நான் பட்ட எரிச்சலை இந்தப் பதினான்கு ஆண்டுகளின் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது சற்று வெட்கமாகவும் இருந்தது.

நாவலர் காலத்தில் யாழ்ப்பாணத்துக்குப் புகையிரதம் இல்லை. கொழும்பிலிருந்து பாதை முழுமையானது 1905இல்தான். அவருடைய இயந்திரம் கடல் கடந்து வந்தது. கரையில் இறங்கி, வண்டியேறி, வண்ணார்பண்ணைக்கு வந்து, வித்தியாநுபாலன யந்திரசாலையாயிற்று. கடலையும் கரையையும் மணற்பாதையையும் நான் ஒரே வினைமுற்றுக்குள் அடைத்துவிட்டேன்.

'அச்சு' என்ற சொல்லுக்கு நம் மொழியில் வேறொரு பொருளும் உண்டு. வண்டிச் சில்லுகளைத் தாங்குகிற மரமும் அச்சுத்தான். புறநானூற்றின் 102ஆம் பாட்டில் ஒளவையார் உமணரின் உப்பு வண்டியைக் காட்டுகிறார். எருதுகள் இளையவை, சுமையோ பெரிது, பாதையில் எங்கே பள்ளம் எங்கே மேடு என்று யார் அறிவார்? ஆகையால் உமணர் ஓர் அச்சுக்குக் கீழே இன்னோர் அச்சையும் சேமமாகக் கட்டிக்கொள்வர். பொகுட்டெழினியை அந்தச் சேம அச்சுக்கு ஒப்பிடுகிறார் புலவர். பாட்டின் அணிநயத்தைப் பலமுறை விளக்கியிருக்கிறேன். வழியில் வண்டி முறிந்தால் நடுக்காட்டில் நிற்பவனுடைய பயத்திலிருந்து அந்த உவமை பிறந்தது என்பது அந்த மழை இரவில்தான் தெரிந்தது.

மறுநாள் அயலவர் ஒருவர் கரையோரத்திலிருந்து ஐந்து பேரை அழைத்து வந்தார். அவர்களில் மூத்தவருக்கு அறுபதுக்கு மேலிருக்கும். வள்ளம் இழுத்துப் பழகிய கைகள். இயந்திரத்தை ஒருமுறை சுற்றிப் பார்த்தார். என் கையிலிருந்த பற்றுச்சீட்டையும் பார்த்தார்.

"கடதாசியிலை வந்து சேர்ந்திட்டுது மாஸ்டர். சாமான்தான் இன்னும் வரேல்லை" என்றார்.

கூலி எவ்வளவு என்று கேட்டேன். சொன்னார். "கொஞ்சம் குறையுங்கோ அண்ணை" என்றேன். அவர் பேசாமல் குறைத்தார். நிறுவனத்தாரிடம் நான் ஒரு சதமேனும் குறைக்கக் கேட்கவில்லை என்பது அப்போது என் நினைவுக்கு வரவில்லை.

மைத்தட்டையும் உருளைகளையும் முதலில் கழற்றச் சொன்னார். மேற்பாரம் கூடின சாமான், சரிந்தால் ஆளை எடுத்துவிடும் என்றார். அலவாங்கால் மெல்ல நெம்பி, அடியில் இரண்டு பலகைகளைச் செருகி, அவற்றின் கீழே பனங்குற்றிகளை உருளையாக வைத்தார்கள். இருவர் முன்னே இழுக்க, இருவர் பின்னே கயிற்றில் தாங்க, ஒருவர் பின்னால் விடுபடும் குற்றியை எடுத்து முன்னால் போட்டுக்கொண்டிருந்தார். ஈர மண்ணில் குற்றி புதைந்தது. ஒருமுறை இயந்திரம் சாய, கயிற்றைப் பிடித்தவரின் உள்ளங்கை உரிந்து இரத்தம் கசிந்தது. அந்த இடத்தில்தான் மூத்தவர் அம்பா எடுத்தார். கரைவலை இழுப்போர் பாடும் அதே பாட்டு. மற்றவர்கள் பின்பாட்டுக் கொடுத்தார்கள். பரீட்சைக்கு 'தொழிற்பாடல்' என்று குறிப்பு எழுதிக் கொடுக்கிறவன், அந்தப் பாட்டுக்கு ஏற்ப அரைத் தொன் இரும்பு அடியடியாக நகர்வதை அன்றுதான் கண்டேன். முப்பது யாருக்கு இரண்டரை மணித்தியாலம் சென்றது.

முடிந்ததும் அவர் முதலில் கேட்ட தொகையைக் கொடுத்தேன். எண்ணிப் பார்த்து, "குறைக்கச் சொன்னீங்கள்" என்றார். "பிழையாகக் கேட்டுவிட்டேன்" என்றேன். சிரித்துக்கொண்டு தேநீரைக் குடித்தார்.

கொழும்புப் புறக்கோட்டையில் சுமை தூக்குவோரை 'நாட்டாமை' என்பார்கள். தமிழகத்திலே அது ஊர்த் தலைவனைக் குறிக்கும் சொல். இந்த இரு பொருளையும் முன்பு வகுப்பில் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. இப்போது அதில் எனக்கு வேடிக்கை தெரியவில்லை.

இயந்திரம் இன்று என் விறாந்தையில் நிற்கிறது. சென்ற மாதம் மாணவர் சிலர் வந்து, மிதித்துப் பார்த்து மகிழ்ந்தார்கள். நாவலரின் கதையைச் சொன்னேன். பழக்க தோஷத்தால் 'கொண்டுவந்தார்' என்றே சொல்லிவிட்டேன். பின்வரிசையில் நின்ற ஒரு பையன் அந்த இரும்புச் சில்லை ஒரு கையால் தள்ளிப் பார்த்து, அது அசையாததைக் கண்டு கேட்டான்: "சேர், அதை ஆர் தூக்கினது?"

நமது இலக்கிய வரலாறுகளில் பதிப்பித்தவர் பெயர் உண்டு. பொருளுதவி செய்தவர் பெயரும் உண்டு. அந்தப் பையன் கேட்டவருக்கு அங்கே ஒரு வரி கிடையாது. அவர்களின் பெயர்களை இனி நம்மால் மீட்க முடியாது. அந்த வினைமுற்றையாவது திருத்தலாம். இப்போது என் வகுப்பில் மாணவர் எழுதும் வசனம் இது: நாவலர் வாங்கினார், பலர் சுமந்து வந்தார்கள்.