கலெக்டர் கனவும் சனிக்கிழமைக் கணக்கும்

(தென்காசி மாவட்டம் சுந்தரபாண்டியபுரத்தில், மாலைப் படிப்பகம் நடத்தும் இளைஞர்களும் மாணவர்களும் பெற்றோர்களும் கூடியிருந்த கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு வழக்கு சில இடங்களில் அப்படியே விடப்பட்டுள்ளது.)



கவிஞர் என்று சொல்லி என்னைக் கூப்பிட்டிருக்கிறீர்கள். இன்றைக்குக் கவிதை கிடையாது. வங்கியில் கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்து வரவு செலவு எழுதுகிறவன் என்ற முறையில்தான் பேசப் போகிறேன். தவணை, கெடு, பாக்கி – இந்த மூன்றும்தான் எனக்குத் தெரிந்த தொழில். படிப்புக்கும் இந்த மூன்றும் வேணும் என்பதுதான் நான் சொல்ல வந்தது.

நம்ம ஆட்கள் நடத்துகிற எந்தக் கூட்டத்துக்குப் போனாலும் ஒரு பிள்ளையை மேடைக்குக் கூப்பிடுகிறோம். "என்னவாகப் போறே?" என்று கேட்கிறோம். "கலெக்டர்" என்கிறது பிள்ளை. கைதட்டுகிறோம். ஆசை நல்ல ஆசைதான். ஆனால் நாளைக்குச் சாயங்காலம் ஆறு மணிக்கு எந்தப் புத்தகத்தில் எந்தப் பக்கத்தை விரித்து வைக்கணும்னு அந்தப் பிள்ளைக்கு யாரும் சொல்லுததில்லை. மேடையை விட்டு இறங்கினதும் அந்தக் கனவு கடனாக மாறிப் பிள்ளையின் தலையில் உட்கார்ந்துவிடுகிறது. வங்கிக்காரன் சொல்லுதேன், தவணை குறிக்காத கடன் ஆளையே முழுங்கிரும். காலாண்டுத் தேர்வில் கணக்கில் 18 மார்க் வாங்கியதும், "நமக்கெல்லாம் எங்க படிப்பு வரப் போவுது" என்று பிள்ளை தனக்குள் சொல்லிக்கொள்கிறது. இந்த வாக்கியம் பிள்ளை சொந்தமாகக் கண்டுபிடித்தது கிடையாது. தலைமுறை தலைமுறையாக நம் காதில் ஓதப்பட்டது. பிள்ளையின் வாய் வழியாக வெளியே வருகிறது, அவ்வளவுதான்.

படித்த வீடுகளில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். அங்கே ஒரு மாமா இருப்பார், ஒரு அக்கா இருப்பாள். "இந்த வாரம் முக்கோணவியலை முடிச்சிரு. ஞாயித்துக்கிழமை நான் கேள்வி கேப்பேன்" என்று சொல்ல ஆள் இருக்கும். நிலம் மாதிரி, வீடு மாதிரி, இதுவும் பரம்பரைச் சொத்துதான். பட்டாவில் பேர் இல்லாத சொத்து. 'தகுதி', 'திறமை' என்று பிற்பாடு பெருமையாகப் பேசப்படுவதில் பாதி இந்த ஞாயிற்றுக்கிழமைக் கேள்விகள்தான். நம் தெருவில் பள்ளிக்கூடம் போகிற முதல் தலைமுறைப் பிள்ளைக்கு அந்த மாமா இல்லை. அந்த மாமாவாக இருக்கத்தான் படிப்பகம். விளக்குப் போட்டு, பாய் விரித்து, "படிங்கல" என்று சொல்லிவிட்டு வாசலில் நின்று போன் பார்ப்பதற்கு இல்லை.

அம்பேத்கரை நாம் சிலையாகப் பார்த்துப் பழகிவிட்டோம். அவர் படித்த விதத்தைக் கொஞ்சம் பாருங்கள். 1913இல் பரோடா மன்னரின் உதவித்தொகையில் கொலம்பியா போகிறார். 1916இல் லண்டன். 1917இல் உதவித்தொகைக் காலம் முடிந்து, படிப்பு பாதியில் நிற்கத் திரும்ப வேண்டியதாகிறது. கனவு உடைந்ததென்று அவர் உட்காரவில்லை. நான்கு வருஷத்துக்குள் திரும்பி வந்து படிப்பைத் தொடரலாம் என்று பல்கலைக்கழகத்தில் அனுமதி வாங்கிக்கொண்டுதான் கப்பல் ஏறுகிறார். கெடு வைத்துக்கொண்டார் என்று அர்த்தம். பம்பாய் சிடன்ஹாம் கல்லூரியில் 1918 முதல் 1920 வரை வேலை பார்த்துக் காசு சேர்க்கிறார். கோலாப்பூர் சாகு மகாராஜாவின் உதவி, நண்பரிடம் வாங்கிய கடன் எல்லாம் சேர்ந்து 1920இல் மறுபடி லண்டன். 1921இல் எம்.எஸ்ஸி., 1923இல் டி.எஸ்ஸி. அந்த இரண்டு பட்டத்துக்கும் நடுவே எத்தனை சிறிய தவணைகள் கட்டப்பட்டன என்று எண்ணிப் பாருங்கள். சிலை விரலை நீட்டித் தூரத்தைக் காட்டுகிறது. அந்தத் தூரத்தை அவர் நாள் நாளாக நடந்து கடந்தார்.

அறிவியல் பேச்சு வேண்டும் என்கிற தோழர்களுக்கு ஒன்று. 1981இல் ஆல்பர்ட் பண்டுரா, டேல் ஷங்க் என்ற இரண்டு உளவியலாளர்கள் அமெரிக்காவில் ஒரு சோதனை செய்தார்கள். கணக்கு வராத, கணக்கில் ஆர்வமும் இல்லாத, 7 வயதிலிருந்து 10 வயதுக்குள்ளான பிள்ளைகள். 42 பக்கம் கழித்தல் கணக்குப் பாடம், 7 அமர்வு. ஒரு பிரிவுக்கு, ஒவ்வொரு அமர்விலும் 6 பக்கம் முடிக்கப் பார் என்றார்கள். இன்னொரு பிரிவுக்கு, ஏழாவது அமர்வு முடியும்போது 42 பக்கமும் முடித்திரு என்றார்கள். மூன்றாவது பிரிவுக்கு இலக்கே சொல்லவில்லை. வேலை எல்லாருக்கும் ஒன்றுதான். ஆறு ஆறு பக்கமாகப் போன பிள்ளைகள் கணக்கும் நன்றாகக் கற்றார்கள், 'என்னால் முடியும்' என்ற நம்பிக்கையும் பெற்றார்கள், கணக்கு மேலேயே அவர்களுக்கு ஒரு விருப்பம் வந்தது. 42 பக்கத்தை மொத்தமாகத் தலையில் வைத்த பிள்ளைகளுக்கு அந்த இலக்கால் ஒரு பலனும் தெரியவில்லை. நம் மேடைக் கனவுகளின் கதி இதுதான்.

இதை அமெரிக்காக்காரன் வந்து சொல்லித்தரத் தேவையே இல்லை. இங்கே உட்கார்ந்திருக்கிற தாய்மாருக்கு இது தெரியும். பீடித்தட்டை மடியில் வைத்துக்கொண்டு, "இந்த வருஷத்துக்குள்ள இத்தனை லட்சம் பீடி" என்று எந்த அம்மாவாவது கணக்குப் போடுகிறாளா? "விளக்கு வைக்குததுக்குள்ள இத்தனை கட்டு" என்றுதான் போடுகிறாள். நடவு வயலில் இறங்கினால் எதிர் வரப்புதான் கணக்கு. இந்தப் புத்தியை நாம் அடுத்தவன் வயலுக்கும் அடுத்தவன் கம்பெனிக்கும் கொடுத்தோம். அதைப் பிள்ளையின் நோட்டுக்குக் கொண்டுவரச் சொல்கிறேன்.

சரி, இந்த ஊரில் எப்படிச் செய்வது?

முதலில் இந்த ஊரின் காலண்டரைப் பாருங்கள். ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறக்கிறது. அதே ஜூனில் சாரல் விழுந்து குற்றாலத்தில் சீசன் தொடங்குகிறது. கடைக்கும் ஓட்டலுக்கும் கூலிக்குப் பையன் தேவைப்படுகிறது. ஜூலை, ஆகஸ்டில் நம் வயக்காட்டில் சூரியகாந்தி பூக்கிறது. 'ரோஜா' படம் எடுத்த ஊர் என்று கார் கார்களாக வந்து படம் பிடித்துப் போகிறார்கள். பூவைப் பார்க்க வருகிறவன் கண்ணுக்கு, அந்தப் பூவுக்குக் களை எடுக்கிற பொம்பளையும் தெரியாது, அவள் மகள் அன்றைக்குப் பள்ளிக்கூடம் போகவில்லை என்பதும் தெரியாது. செப்டம்பரில் காலாண்டு. மழையோடு பிசான நடவு. டிசம்பரில் அரையாண்டு. மார்ச்சில் பொதுத்தேர்வு, அதே சமயம் பிசான அறுப்பு. பள்ளிக்கூடத்துக் காலண்டரும் கூலிக் காலண்டரும் ஒன்றோடொன்று முட்டிக்கொள்கின்றன. 'தினமும் 4 மணி நேரம் படி' என்று சொல்கிறவன் பாதிக் காலண்டரைத்தான் பார்த்திருக்கிறான். வேலை நெருக்கும் வாரத்தில் இலக்கு சின்னதாக இருக்கட்டும். ஒழிந்த வாரத்தில் பெரிதாகட்டும். எந்த வாரத்திலும் இலக்கே இல்லாமல் போகக்கூடாது. இதுதான் அடிப்படை.

இரண்டாவது, இலக்கைப் பிள்ளை சொல்லட்டும். நாம் சொன்னால் அது இன்னொரு ஏவல். ஏவலுக்கு நம் சனம் போதுமான அளவு கட்டுப்பட்டாகிவிட்டது. "இந்தச் சனிக்கிழமைக்குள்ள நீ என்னத்த முடிப்பே?" என்று கேளுங்கள். முதலில் பிள்ளை முழிக்கும். காத்திருங்கள்.

மூன்றாவது, மார்க்கை இலக்காக வைக்காதீர்கள், வேலையை வையுங்கள். 'கணக்கில் 80 எடுப்பேன்' என்பது பிள்ளையின் கையில் மட்டும் இல்லை. 'சனிக்கிழமைக்குள் காரணிப்படுத்தல் கணக்கு 20 போடுவேன்' என்பது பிள்ளையின் கையில் இருக்கிறது. பத்தாம் வகுப்பு அறிவியலையே எடுத்துக்கொள்ளுங்கள். செய்முறைக்கு 25, எழுத்துக்கு 75. தேர்ச்சிக்குச் செய்முறையில் 15, எழுத்தில் 20, மொத்தம் 35 வேணும். இந்தக் கணக்கைப் பிள்ளைக்கு உடைத்துச் சொல்லிவிட்டால், 'சயின்ஸ்' என்ற பெரிய பூதம் நாலு படமும் எட்டுப் பாடமுமாகச் சுருங்கிவிடும். தேர்ச்சியைத் தொட்டவன் அதற்கு மேலே ஏறலாம். தொடும் முன்னே 'நூற்றுக்கு நூறு' என்று மிரட்டுவது சாதி வாத்தியார்களுக்குக் கை வந்த வேலை. நமக்கு எதற்கு?

நான்காவது, இருக்கிற இடத்திலிருந்து தொடங்குங்கள். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்கு வகுத்தல் வரவில்லை என்றால் அந்த வார இலக்கு வகுத்தல்தான். வெட்கப்பட ஒன்றும் இல்லை. வெட்கப்பட வேண்டியது வகுத்தல் தெரியாமலே பிள்ளையை ஒன்பது வரைக்கும் தள்ளிவிட்ட அமைப்பு.

ஐந்தாவது, எழுதி வையுங்கள். ஒரு நோட்டு, பிள்ளைக்கு ஒரு பக்கம். தேதி, சொன்னது, முடித்தது. வங்கிப் பாஸ்புக் மாதிரி. ஆனால் அந்தப் பக்கத்தைப் பிள்ளையும் அண்ணனோ அக்காவோ ஒருவரும் மட்டும் பார்க்க வேண்டும். சுவரில் ஒட்டி யார் முதல், யார் கடைசி என்று போட்டால், பள்ளிக்கூடம் செய்கிற அதே அவமானத்தை நாமும் செய்கிறவர்கள் ஆவோம். சனிக்கிழமை முடியவில்லை என்றால் "ஏன் முடிக்கல?" என்று கேட்காதீர்கள். "என்ன குறுக்க வந்துச்சு?" என்று கேளுங்கள். முதல் கேள்விக்குப் பிள்ளை குற்றவாளி. இரண்டாவதுக்கு அது சாட்சி. தம்பிக்குக் காய்ச்சல், அம்மாவுக்குப் பீடி முடிக்கணும், வீட்டில் லைட் இல்லை, கிளாசில் ஒருத்தன் சாதியைச் சொல்லிப் பேசிட்டான் – இதெல்லாம் வெளியே வரும். சிலவற்றுக்கு அடுத்த வார இலக்கைப் பாதியாக வெட்டினால் போதும். சிலவற்றுக்குத் தலைமையாசிரியரைப் போய்ப் பார்க்கணும். சிலவற்றுக்குத் தெருவே திரண்டு போகணும். ஒரு பிள்ளையின் சனிக்கிழமை நோட்டிலிருந்துகூட ஒரு போராட்டம் தொடங்கலாம்.

ஆறாவது, காகிதங்களுக்கும் கெடு வையுங்கள். என் கவுண்டரில் நான் பார்க்கிற விஷயம் இது. ஜூன் பிறந்தால் நோட்டு, பை, செருப்பு என்று கம்மலை அடகு வைக்க வரிசையில் நிற்கிறார்கள் நம் பெண்கள். அதே சமயம் பிள்ளைக்கு வரவேண்டிய உதவித்தொகை, ஆதார் இணைக்காத கணக்கு என்றோ, வருமானச் சான்று பழசு என்றோ நின்றுபோயிருக்கும். சாதிச் சான்று, வருமானச் சான்று, உயிரோடு இருக்கிற வங்கிக் கணக்கு – இந்த மூன்றையும் ஜூலைக்குள் முடிப்பது படிப்பக அண்ணன்மாரின் குறுகிய கால இலக்கு. எட்டாம் வகுப்பில் தேசிய வருவாய்வழித் திறன் தேர்வு இருக்கிறது. மனத்திறனுக்கு 90 கேள்வி, பாடத்துக்கு 90 கேள்வி. தேறினால் ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை வருஷத்துக்கு 12,000 ரூபாய். வாரத்துக்குப் பத்து மனத்திறன் கேள்வி போட்டுப் பழகினால் போதும். பீடித் தொழிலாளர் பிள்ளைகளுக்கென்றும் ஓர் உதவித்தொகை இருக்கிறது. அம்மாவின் பீடி அடையாள அட்டையைப் பெட்டிக்குள் பூட்டி வைத்துப் பிரயோசனம் இல்லை.

இனி ஒரு எச்சரிக்கை. சின்ன இலக்கு வேறு, சின்ன ஆசை வேறு. நமக்குச் சின்ன ஆசையைச் சிபாரிசு செய்கிறவர்கள் எப்போதும் உண்டு. 1953இல் ராஜாஜி அரசு பள்ளி நேரத்தை 3 மணியாகக் குறைத்து, மீதி நேரம் பிள்ளைகள் வீட்டுத் தொழிலைப் பழகட்டும் என்றது. குலக்கல்வி என்று தமிழ்நாடு அதை அடையாளம் கண்டு எதிர்த்தது. 1954இல் காமராஜர் முதல்வரானதும் அது ஒழிந்தது. "நீ ஐ.டி.ஐ. போ, உனக்கு அது போதும்" என்று இன்றைக்கும் சொல்கிற குரல் அதே குரல்தான். ஐ.டி.ஐ.யைப் பிள்ளை தேர்ந்தெடுத்தால் அது படிப்பு. அடுத்தவன் 'போதும்' என்று அளந்து கொடுத்தால் அது சாதி. நாம் சுருக்குவது தவணையை. சேர வேண்டிய இடத்தைச் சுருக்க யாருக்கும் உரிமை கிடையாது.

இன்னொன்று. எல்லாத் தவணையும் கட்டினால் வாசல் தானாகத் திறந்துவிடும் என்று நான் பொய் சொல்ல மாட்டேன். குழுமூர் அனிதா பிளஸ் டூவில் 1200க்கு 1176 எடுத்தார். ஒரு பிள்ளை எட்டக்கூடிய அத்தனை இலக்கையும் எட்டியவர். அவருக்கு முன்னால் நீட் என்று புதிதாக ஒரு மதிலைக் கட்டினார்கள். 2017 செப்டம்பர் 1 அன்று அவரை இழந்தோம். அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020இல் வந்தது. பிள்ளைகள் படித்தார்கள், வெளியே ஒரு சமூகம் சண்டை போட்டது, அதனால் வந்தது. இரண்டில் ஒன்று குறைந்தாலும் வந்திருக்காது.

நம் பக்கத்து நாங்குநேரியை மறக்க முடியுமா? 2023 ஆகஸ்டில் உடன் படித்த ஆதிக்க சாதி மாணவர்களே வீடு புகுந்து ஒரு தலித் மாணவரையும் அவர் தங்கையையும் வெட்டினார்கள். அந்த மாணவர் சிகிச்சைக்கு நடுவிலேயே படித்து, 2024 மே மாதம் வந்த பிளஸ் டூ முடிவில் 600க்கு 469 எடுத்தார். 'தன்னம்பிக்கைக் கதை' என்று இதைப் பத்திரிகைகள் எழுதலாம். நமக்கு அது மட்டும் போதாது. படிப்பதற்காக எந்தப் பிள்ளையும் இவ்வளவு ரத்தம் கொடுக்கக்கூடாது. பிள்ளை தன் வாரக் கணக்கை முடிக்கட்டும். அது பத்திரமாகப் பள்ளிக்கூடம் போய்த் திரும்புவது நம் கணக்கு. அதைப் பிள்ளையின் நோட்டில் எழுதாதீர்கள். நம் நோட்டில் எழுதுங்கள்.

படிப்பகத் தோழர்களே, உங்களிடம் பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. 40 பக்க நோட்டு ஒன்று வாங்குங்கள். இந்த வாரமே ஒவ்வொரு பிள்ளையிடமும் தனித்தனியாகக் கேட்டு ஒரே ஒரு வரி எழுதுங்கள். அடுத்த சனிக்கிழமை அதே பிள்ளையோடு உட்கார்ந்து அந்த வரியைப் படியுங்கள். காலாண்டுக்குள் பத்து சனிக்கிழமையாவது கிடைக்கும். பத்தாவது சனிக்கிழமை அந்த நோட்டை எடுத்துக்கொண்டு என்னைக் கூப்பிடுங்கள், வாரேன். கலெக்டர் கனவைப் பற்றி அன்றைக்குப் பேசுவோம்.

ஜெய்பீம்.