பேசாத பரம்பரையலகுகள்



நம் உடம்பிலுள்ள கோடானுகோடிக் கலங்களும் கருக்கட்டிய ஒரு முட்டையினின்றே பெருகியவை. ஆதலின், ஈரற் கலத்திலுள்ள பரம்பரையலகுகளே நரம்புக் கலத்திலும் உள. அங்ஙனமாயின், ஈரல் ஈரலாகவும் நரம்பு நரம்பாகவும் இருப்பது எவ்வாறு?

வேண்டாத அலகுகளைக் கலங்கள் இழந்துவிடுகின்றன என்று அறிஞர் சிலர் ஒருகாலத்திற் கருதினர். இங்கிலாந்தைச் சேர்ந்த ஜோன் கேர்டன் 1962இல் வெளியிட்ட ஆய்வு இக்கருத்தைத் தகர்த்தது. அவர் தவளை முட்டையின் கருவை அழித்து, அவ்விடத்தில் வாற்பேயொன்றின் குடற் கலத்துக் கருவை வைத்தார். அத்தகைய முட்டைகளுட் சில, முழு வாற்பேய்களாய் வளர்ந்தன. குடற் கலம் ஒன்றையும் இழந்திருக்கவில்லை. பலவற்றை அடக்கி வைத்திருந்தது, அவ்வளவே.

அடக்குவது எங்ஙனம்? மனிதக் கலமொன்றிலுள்ள டி.என்.ஏ. இழைகளை முனையோடு முனை சேர்த்து நீட்டினால் ஏறத்தாழ 2 மீற்றர் நீளம் வரும். அவை அடங்கியிருக்கும் கருவோ, மில்லிமீற்றரில் ஏறத்தாழ நூற்றிலொரு பங்கு அகலமே உடையது. எட்டு ஹிஸ்ரோன் புரதங்கள் கூடிய சிறு உருளையை இழை இரண்டு சுற்றுக்குச் சற்றுக் குறைவாகச் சுற்றுகின்றது. பின் அடுத்த உருளைக்குச் செல்கின்றது. 1974இல் றோஜர் கோர்ண்பேர்க் இவ்வமைப்பை எடுத்துக் காட்டினார். உருளைகள் நெகிழ்ந்து நிற்குமிடத்தில் அலகுகள் வாசிக்கப்படுகின்றன. நெருங்கி இறுகிய இடத்திலோ, வாசிக்கும் புரதங்கள் எளிதில் அணுகமாட்டா. கயிற்றால் இறுகக் கட்டிய ஏட்டுச்சுவடியை யார் படிப்பார்? ஹிஸ்ரோன்களில் ஒட்டும் இரசாயனக் குறிகளுட் சில இக்கட்டை இறுக்குகின்றன, சில நெகிழ்த்துகின்றன. கலம் பிரியும்போது இக்குறிகளுட் பல மகட் கலங்களிலும் மீள இடப்படுகின்றன. ஈரற் கலம் ஈரற் கலத்தையே ஈனுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இதனைக் கண்ணாற் காணவும் இயலும். கறுப்பும் செம்மஞ்சளுமான திட்டுகளையுடைய பூனை பெரும்பாலும் பெண்ணாகவே இருக்கும். பெண் பூனைக்கு எக்ஸ் நிறமூர்த்தங்கள் இரண்டு. கருவளர்ச்சியின் தொடக்கத்திலேயே ஒவ்வொரு கலத்திலும் அவற்றுள் ஒன்று சுருண்டு அடங்கிவிடுகின்றது. எது அடங்கியதோ, அதற்கேற்பத் திட்டின் நிறம் அமைகின்றது. அடங்கிய நிறமூர்த்தத்தைக் கரும்புள்ளியாகக் கனடாவில் பார், பேர்ட்றம் என்போர் 1949இல் கண்டனர். அதன் பொருளை மேரி லயன் 1961இல் விளக்கினார்.

இந்த மௌனம் பிழைத்தால் விளைவு பெரிது. கலப் பெருக்கத்தைக் கட்டுப்படுத்தும் அலகுகள் தகாதவாறு மூடப்படுவதைப் புற்றுநோய்கள் பலவற்றிற் காண்கின்றோம். அழிந்த அலகை மீட்பது அரிது. மூடிய அலகைத் திறக்கலாம். அவ்வாறு திறக்க முயலும் மருந்துகள் சில குருதி நோய்களுக்கு இன்று வழங்கப்படுகின்றன. 2006இல் யப்பானைச் சேர்ந்த சின்யா யமனாக்கா, நான்கே அலகுகளைப் புகுத்தி, எலியின் முதிர்ந்த கலங்களை முளைய நிலையை ஒத்த கலங்களாக மாற்றினார். 2012இல் அவரும் கேர்டனும் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர்.

உடம்பு வளர்வது பேசும் அலகுகளால் மட்டுமன்று. பேசாதிருக்கும் அலகுகளாலுமே என்பதை நினைவிற்கொள்வோமாக.