அவளுக்குச் சொந்த புத்தி கிடையாதா?

(மாணவர் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



மேற்கத்திய சமூகம் முஸ்லிம் பெண்ணை எப்படிப் பார்க்கிறது, அதிலும் இஸ்லாத்துக்கு மாறிய பெண்ணை எப்படிப் பார்க்கிறது என்பதுதான் என் பேச்சு. 'நமக்கு இது எதுக்குய்யா?' என்று சிலருக்குத் தோன்றலாம். கடைசியில் அதற்கு வருகிறேன்.

ஒரு கணக்கிலிருந்து தொடங்குகிறேன். முகத்தை மூடி நிக்காப் அணியும் பெண்கள் எத்தனை பேர் என்று 2009இல் பிரெஞ்சு உள்துறை அமைச்சகம் மதிப்பிட்டது. ஏறத்தாழ 1,900 பேர். ஆறு கோடிக்கு மேல் ஜனத்தொகை உள்ள நாட்டில் 1,900 பேர்! இதற்காக 2010இல் ஒரு சட்டம். 2011 ஏப்ரலிலிருந்து பொது இடத்தில் முகத்தை மூடினால் 150 யூரோ வரை அபராதம். கட்டாயப்படுத்துகிற ஆளுக்கு ஓராண்டு சிறை, 30,000 யூரோ அபராதம் என்றும் சட்டத்தில் இருக்கிறது. ஆனால் தெருவில் போலீஸ் மறிப்பது யாரை? அந்தப் பெண்ணைத்தான். அவளை விடுதலை செய்யப் போட்ட சட்டத்தில் தண்டம் கட்டுகிறவளும் அவளேதான்.

அந்த மதிப்பீட்டில் இன்னொரு செய்தியும் இருந்தது. அந்த 1,900 பேரில் கால்வாசிப் பேர் மதம் மாறியவர்கள். பிறந்த வீட்டுப் பழக்கம், பாட்டி காலத்து வழக்கம் என்று இவர்களைப் பற்றிச் சொல்ல முடியாது. அப்போ என்ன சொல்றது? 'மூளைச் சலவை' என்றார்கள்.

இங்கேதான் பொதுப்புத்தியின் சூட்சுமம் இருக்கிறது. முஸ்லிமாகப் பிறந்தவளென்றால் 'ஐயோ பாவம், அடிமை.' மாறி வந்தவளென்றால் 'ஏமாந்தவள்' அல்லது 'துரோகி.' எவனோ ஒருத்தன் காதலித்து மயக்கிவிட்டான் என்பார்கள். அவளே படித்தாள், யோசித்தாள், முடிவெடுத்தாள் என்ற பேச்சுக்கே அங்கு இடமில்லை.

பிரிட்டனில் மதம் மாறியவர்களைப் பற்றி 2010இல் ஓர் ஆய்வு வந்தது. கருத்துக் கேட்கப்பட்டவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்குச் சற்றுக் குறைவானவர்கள் பெண்கள். 2001க்குப் பிறகு பத்திரிகைகளில் வந்ததையும் அந்த ஆய்வு அலசியது. இஸ்லாம் பற்றிய கட்டுரைகளில் 32 சதவீதம் பயங்கரவாதத்தோடோ தீவிரவாதத்தோடோ முடிச்சுப் போட்டவை. மதம் மாறியவர்கள் பற்றிய கட்டுரைகளில் அது 62 சதவீதம். பிறந்தவனைவிட மாறியவன்மேல் இரண்டு மடங்கு சந்தேகம்!

இது நேற்று முளைத்ததில்லை. 1887இல் லிவர்பூலில் பாத்திமா கேட்ஸ் என்ற ஆங்கிலப் பெண் இஸ்லாத்துக்கு மாறினார். கூட்டத்துக்குப் போகிற வழியில் அவர் முகத்தில் குதிரைச் சாணியைப் பூசினார்கள். சாணி என்றதும் நம் ஊர் ஞாபகம் வருகிறதல்லவா?

'காப்பாற்ற வந்தவர்'களையும் பார்த்துவிடுவோம். எகிப்தை ஆண்ட குரோமர் பிரபு, முக்காடு பெண்ணைப் பின்தங்க வைக்கிறது என்று கண்ணீர் விட்டவர். ஊருக்குத் திரும்பியதும் பிரிட்டிஷ் பெண்களுக்கு ஓட்டுரிமை கூடாது என்ற ஆண்கள் சங்கத்துக்குத் தலைவரானார். 1958 மே மாதம் அல்ஜியர்ஸில் மேடை போட்டு, பிரெஞ்சு ராணுவத்தின் ஏற்பாட்டில், அல்ஜீரியப் பெண்களின் முக்காட்டைக் களைந்தார்கள். 'விடுதலை' என்று பெயர். அதற்கு முந்தைய வருஷம்தான் ஜமீலா பூஹிரெத் என்ற போராளியைச் சித்திரவதை செய்து, மரண தண்டனையும் விதித்திருந்தார்கள்.

2018 ஆகஸ்டில் போரிஸ் ஜான்சன், புர்கா அணிந்த பெண்களைத் தபால்பெட்டிக்கும் வங்கிக் கொள்ளைக்காரர்களுக்கும் ஒப்பிட்டு எழுதினார். தடை வேண்டாம் என்று வாதிட்ட கட்டுரைதான் அது. பரிந்து பேசும்போதே இந்த லட்சணம். மறுவருஷம் அவர் பிரதமர். நான் வங்கியில் கிளார்க். புர்கா போட்ட அம்மாக்கள் தினமும் என் கவுண்ட்டருக்கு வருகிறார்கள். நகைக்கடனுக்கு வட்டி கட்டுகிறார்கள், மகள் படிப்புக்கு லோன் கேட்கிறார்கள். கோடிகளை வாங்கிக் கட்டாமல் போனவர்கள் எல்லாம் கோட்டு சூட்டில் வந்தவர்கள்.

கேலி எங்கே போய் முடியும் என்பதற்கு டிரெஸ்டன் சாட்சி. 2008இல் ஒரு விளையாட்டுத் திடலில் முக்காடு அணிந்த மார்வா அல்-ஷெர்பினியை ஒருவன் 'பயங்கரவாதி' என்று திட்டினான். அவர் வழக்குப் போட்டார். 2009 ஜூலை 1 அன்று நீதிமன்றத்துக்குள்ளேயே அவன் அவரைக் குத்திக் கொன்றான். அப்போது அவர் கர்ப்பிணி. தடுக்கப் பாய்ந்த கணவரைக் கொலைகாரன் என்று நினைத்துப் போலீஸ் சுட்டது. யாரைச் சுட வேண்டும் என்பதைக்கூட அந்தப் பிம்பம்தான் முடிவு செய்தது.

மதம் மாறியவர் என்றாலே பத்திரிகைகள் வெள்ளைக்காரப் பெண்ணின் படத்தைத்தான் போடுகின்றன. கறுப்பினத்துப் பெண் கண்ணில் படுவதில்லை. பியூ ஆய்வு மையத்தின் 2017 கணக்குப்படி அமெரிக்க முஸ்லிம்களில் ஐந்தில் ஒருவர் கறுப்பர். அவர்களில் ஏறத்தாழ பாதிப்பேர் மாறி வந்தவர்கள். எஜமானன் கொடுத்த பெயரை உதறிவிட்டுத் தனக்கொரு பெயர் வைத்துக்கொண்ட வரலாறு அது. அதில் காதலன் மயக்கிய கதைக்கு எங்கே இடம்?

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். நான் முக்காட்டுக்கு வக்காலத்து வாங்க வரவில்லை. 2022இல் ஈரானில் முக்காடு சரியில்லை என்று பிடித்துப்போன மஹ்ஸா அமினி போலீஸ் காவலில் இருந்தபோது இறந்தார். பெண்கள் தெருவுக்கு வந்து முக்காட்டைக் கொளுத்தினார்கள். போடு என்று அடிக்கிற கையும், கழற்று என்று அபராதம் விதிக்கிற கையும் அவள் உடம்பின் மேல்தான் விழுகின்றன. இரண்டுமே அவளைக் கேட்கவில்லை.

இப்போது 'நமக்கு எதுக்கு?' என்ற கேள்வி. 1981இல் மீனாட்சிபுரத்தில் நம் ஜனங்கள் இஸ்லாத்துக்கு மாறியபோது என்ன சொன்னார்கள்? 'வளைகுடாப் பணம்' என்றார்கள். தேநீர்க் கடையில் தனிக் குவளை வைத்தவனிடம் யாரும் விசாரணை நடத்தவில்லை. 2002இல் தமிழ்நாட்டில் வந்த கட்டாய மதமாற்றத் தடைச் சட்டத்தைப் படித்துப் பாருங்கள். சிறுவர்கள், பெண்கள், ஆதிதிராவிடர், பழங்குடியினர் ஆகியோரை மாற்றினால் கூடுதல் தண்டனை. 2004இல் அது விலக்கிக்கொள்ளப்பட்டது. ஆனால் உத்தரப்பிரதேசத்தின் 2021 சட்டத்திலும் அதே பட்டியல்தான். சிறுபிள்ளை, பெண், தலித்: இந்த மூன்று பேருக்கும் சொந்த புத்தி கிடையாது என்று அரசாங்கமே எழுதி வைத்திருக்கிறது. பாரிஸில் அந்தப் பெண்ணைப் பார்த்துச் சொல்வதும் இதைத்தானே?

ஆகவே தோழர்களே, ஒரு பெண் மதம் மாறினாள் என்று கேள்விப்பட்டால் 'யார் மாற்றினான்?' என்று கேட்கிற வழக்கத்தை முதலில் நாம் விடுவோம். எதை விட்டு வந்தாய், ஏன் விட்டு வந்தாய் என்று அவளிடமே கேட்போம். அவள் சொல்கிற பதில் நமக்குப் பிடிக்காமல்கூட இருக்கலாம். இருந்துட்டுப் போகட்டும். அது அவளுடைய பதில்.