அம்மாவுடன் அலாஸ்கா

(நமது சங்கக் கிளையின் கூட்டத்தில் உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரை)



அலாஸ்கா கப்பல் யாத்திரையைப் பற்றிப் பேசும்படி செயலாளர் கேட்டுக்கொண்டார். போட்டோக்களை அப்புறம் காபியோடு பார்த்துக்கொள்ளலாம். நான் பேச வந்தது, நம்மில் பல வீடுகளில் இருக்கும் ஒரு கேள்வியைப் பற்றி. அண்ணா புனேயில், தங்கை கொல்கத்தாவில், பிள்ளை அமெரிக்காவில் என்று குடும்பம் நாலு திக்கில் இருக்கிறது. எல்லோரும் சேர்ந்து எங்காவது போகலாம் என்று பேச்சு ஆரம்பித்தவுடன், "அம்மாவை என்ன பண்றது?" என்று ஒருவர் மெதுவாகக் கேட்பார். பேச்சு அதோடு நின்றுவிடும்.

2023 ஜூனில் நாங்கள் ஒன்பது பேர் போனோம். அம்மாவுக்கு அப்போது 81 வயது. சர்க்கரைக்கு இன்சுலின், இரண்டு முழங்காலிலும் தேய்மானம். அண்ணாவுக்கு அவளை அழைத்துப்போக இஷ்டமில்லை. "நடுக்கடல்ல ஏதாவது ஆனா யார் பொறுப்பு?" என்றார். அது நியாயமான கேள்விதான். அம்மாவோ, "நீங்கள்லாம் போயிட்டு வாங்கோ, நான் ஆத்திலேயே இருந்துக்கறேன்" என்று சொல்லிவிட்டாள். அந்த வயதில் அப்படிச் சொல்கிறவர்களுக்கு உண்மையிலேயே போக விருப்பமில்லை என்று நாம் எடுத்துக்கொள்வது நமக்குச் சௌகரியமாக இருக்கிறது, அவ்வளவுதான்.

ஐரோப்பிய பஸ் டூர் என்றால் அண்ணா சொன்னது சரி. தினம் ஒரு ஹோட்டல், காலை ஆறு மணிக்குப் பெட்டி வெளியே இருக்க வேண்டும். கப்பலில் ஒரு தடவை பெட்டியைப் பிரித்தால் ஏழு நாளைக்கு அதைத் தொட வேண்டியதில்லை. லிப்ட் உண்டு, சக்கர நாற்காலி போகும், படுக்கை பத்தடியில் இருக்கிறது. வீடே நம்மோடு நகர்கிறது என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

முதலில் விஸா. கப்பல்கள் பெரும்பாலும் கனடாவின் வான்கூவரிலிருந்தோ அமெரிக்காவின் சியாட்டிலிலிருந்தோ கிளம்பும். சியாட்டிலில் ஏறினால் கனடா விஸா வேண்டாம் என்று நினைத்துவிடாதீர்கள். வெளிநாட்டுக் கொடியுள்ள கப்பல் அமெரிக்கத் துறைமுகங்களுக்கு இடையிலேயே பிரயாணிகளை ஏற்றி இறக்கக் கூடாது என்று 1886-ல் ஒரு சட்டம் போட்டார்கள். பெரிய கப்பல்கள் ஏறக்குறைய எல்லாமே வெளிநாட்டுக் கொடிதான். அதனால் சியாட்டில் கப்பல்களும் வழியில் கனடாவின் விக்டோரியாவைத் தொட்டுவிட்டுத்தான் வரும். கோவிட் காரணமாகக் கனடா துறைமுகங்கள் மூடியிருந்த 2021-ல் மட்டும் தனிச் சட்டம் போட்டு விலக்கு கொடுத்தார்கள். ஆகவே நம் பாஸ்போர்ட்காரர்களுக்கு இரண்டு விஸாவும் தேவை. இரண்டும் பல முறை நுழைய இடம் தருபவையா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பாஸ்போர்ட் ஒன்றுதானே, ஒரே சமயத்தில் இரண்டு இடத்தில் கொடுக்க முடியாது. நிறைய மாதங்களுக்கு முன்பே ஆரம்பியுங்கள்.

நாங்கள் வான்கூவரைத் தேர்ந்தெடுத்தது அம்மாவுக்குத் தலைசுற்றல் உண்டு என்பதால். அங்கிருந்து போகும் பாதை தீவுகளுக்கு உள்புறமாகவே செல்கிறது. அலை குறைவு. சியாட்டில் கப்பல்கள் பல, வான்கூவர் தீவுக்கு மேற்கே திறந்த பசிபிக் கடலில் போகின்றன. கேபினும் கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த் தளத்தில் கிடைத்தால் ஆட்டம் தெரியாது.

அடுத்தது ஆகாரம். கணிதமேதை ராமானுஜன் 1914 மார்ச்சில் சென்னையில் கப்பல் ஏறியபோது வீட்டிலும் உறவிலும் எத்தனை எதிர்ப்பு இருந்தது என்பது நமக்குத் தெரிந்த கதை. கேம்பிரிட்ஜில் அவர் தானே சமைத்துச் சாப்பிட்டார். இன்றைய கப்பலில் அதற்கு வழியில்லை. கெட்டில், எலெக்ட்ரிக் குக்கர், இண்டக்ஷன் அடுப்பு எதுவும் கொண்டுபோகக் கூடாது. விளக்கு, ஊதுவத்திக்கும் தடை. தீ பயம். டிக்கெட் எடுக்கும்போதே இந்தியச் சைவ உணவு வேண்டும் என்று எழுதிக் கொடுங்கள். முட்டை கூடாது என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டும், அவர்கள் அகராதியில் முட்டை சைவம். முதல் நாள் இரவே டைனிங் ஹால் தலைமைப் பணியாளரைப் பார்த்துப் பேசினோம். மறுநாளிலிருந்து பருப்பும் சாதமும் தயிரும் வந்தன. கடையில் சீல் செய்த பருப்புப்பொடி பாக்கெட் எங்கள் கப்பலில் ஆட்சேபணையில்லாமல் போயிற்று.

சந்தியாவந்தனம் செய்கிறவர்களுக்கு ஒரு விஷயம். ஜூன் கடைசியில் ஜூனோ ஊரில் சூரியன் காலை நாலு மணிக்கு முன்பே உதித்து, இரவு பத்து மணிக்குப் பிறகுதான் அஸ்தமிக்கிறது. அண்ணா இரண்டு நாள் முயன்றுவிட்டு, பிறகு கடிகாரத்தைப் பார்த்துச் செய்தார்.

கெச்சிகன் எங்கள் முதல் துறைமுகம். சென்னையில் வருஷத்துக்குப் பெய்யும் மழையைப் போல இரண்டு மடங்குக்கு மேல் அங்கே கொட்டுகிறது. பழங்குடி மக்கள் செதுக்கிய உயரமான மரத்தூண்கள் அங்கே விசேஷம். அம்மா இறங்கவில்லை. கண்ணாடி ஜன்னலோரம் உட்கார்ந்து ஸ்ரீராமஜெயம் எழுதிக்கொண்டிருந்தாள். யாராவது துணைக்கு இருக்க வேண்டுமா என்ற தர்க்கத்தை அவளே முடித்துவைத்தாள்: "எனக்கு என்ன, நிம்மதியா இருக்கேன். போங்கோ." எல்லோரும் எல்லா இடத்திலும் இறங்க வேண்டும் என்று கட்டாயம் வைத்துக்கொண்டால் இந்தப் பிரயாணம் கெட்டுவிடும்.

ஜூனோ அலாஸ்காவின் தலைநகரம். ஆனால் வெளியூரிலிருந்து அங்கே போக ரோடே கிடையாது. கப்பல் அல்லது விமானம்தான். பக்கத்தில் மெண்டன்ஹால் பனியாறு. பஸ் நிற்கும் இடத்திலிருந்து சக்கர நாற்காலியிலேயே போய்ப் பார்க்கும்படி பாதை இருக்கிறது. சுமார் 32,000 பேர் உள்ள ஊர், கூட்டம் தாங்காமல் 2024 முதல் ஒரு நாளைக்கு ஐந்து பெரிய கப்பலுக்கு மேல் வேண்டாம் என்று கப்பல் கம்பெனிகளோடு ஒப்பந்தம் செய்துகொண்டிருக்கிறது.

ஸ்காக்வேயில் ஒரு குறுகிய ரயில் பாதை. 1897-98-ல் கனடாவின் க்ளாண்டைக்கில் தங்கம் என்று கேட்டு ஆயிரக்கணக்கானவர்கள் இந்த மலையேறிப் போனார்கள். ஒரு வருஷச் சாமான், சுமார் ஒரு டன், கையில் இல்லாதவரைக் கனடா எல்லையில் விடவில்லை. (நம் வீட்டுக் கல்யாணக் கோஷ்டிக்கு அது போதாது என்றாள் தங்கை.) சுமை சுமந்தே ஏறத்தாழ 3,000 குதிரைகள் அந்தப் பாதையில் செத்தன. பிறகு வந்த ரயில், கடல் மட்டத்திலிருந்து 20 மைலில் 2,865 அடி ஏறுகிறது. நம் குன்னூர் ரயிலும் அதே காலத்தது, 1899. அம்மா ஒரு படிகூட நடக்காமல் மலையுச்சிக்குப் போய்வந்தாள்.

ஆனால் எங்களுக்குக் கிடைத்த பெரிய நாள், கப்பல் எந்தத் துறையிலும் நிற்காத நாள்தான். க்ளேசியர் பே தேசியப் பூங்காவுக்குள் ஒரு நாளைக்கு இரண்டு பெரிய கப்பலுக்குத்தான் அனுமதி. பூங்கா அதிகாரிகள் படகில் வந்து ஏறி, ஒலிபெருக்கியில் விளக்கம் சொல்கிறார்கள். 1794-ல் வான்கூவரின் கடற்படைக் குழு வந்தபோது அங்கே வளைகுடாவே இல்லை என்று சொல்லலாம். வாயிலுக்குச் சற்று உள்ளேயே பனிச்சுவர். 1916-க்குள் அந்தப் பனி 60 மைலுக்கு மேல் பின்வாங்கிவிட்டது. உருகியதில் பெரும்பகுதி மோட்டார் வாகனப் புகைக்கு முன்பே நடந்தது என்பதையும் அதிகாரி ஒளிக்காமல் சொன்னார். மார்ஜரி பனியாற்றின் எதிரே கப்பல் அசையாமல் நின்றது. ஒரு மைல் அகலத்துக்கு நீலமும் வெள்ளையுமாகப் பனி. ஒரு துண்டு உடைந்து விழுந்தபோது முதலில் தண்ணீர் எழும்பியது, பிறகுதான் இடிச்சத்தம் வந்தது. யாரும் இறங்கவில்லை, ஏறவில்லை. பேரன் பார்த்ததை அதே தளத்தில், அதே கம்பளியைப் போர்த்திக்கொண்டு, பாட்டியும் பார்த்தாள். அண்ணா அவள் நாற்காலிக்குப் பின்னால் ஒரு மணி நேரம் நின்றுகொண்டிருந்தார்.

அவர் கேட்ட கேள்விக்கு வருகிறேன். கப்பலில் டாக்டரும் சிறிய சிகிச்சை அறையும் உண்டு. கட்டணம் டாலரில், நம் அறைக் கணக்கில் ஏறும். இங்கே நாம் கட்டும் மெடிக்ளெய்ம் பொதுவாக அங்கே செல்லாது. வெளிநாட்டுப் பயண இன்ஷூரன்ஸ் தனியாக எடுங்கள். ஏற்கெனவே உள்ள நோய்க்கும், ஹெலிகாப்டரில் கரைக்குக் கொண்டுபோகவும் பணம் தருவார்களா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பிரீமியம் குறைவு என்று பார்க்க வேண்டாம். இன்சுலின் கைப்பையிலேயே இருக்கட்டும், டாக்டர் கடிதத்தோடு. அலாஸ்கா கோடையில் நமக்குப் பதின்மூன்றரை மணி நேரம் பின்னால் இருப்பதால், ஊசி போடும் நேரத்தை எப்படி மாற்றுவது என்று டாக்டரிடம் முன்னதாகவே கேட்டுக்கொள்ளுங்கள். எங்கள் டாக்டர் அதை நாள்வாரியாக எழுதியே கொடுத்துவிட்டார்.

செலவுக் கணக்கு முழுவதும் இந்த நோட்டில் இருக்கிறது. தினப்படி டிப்ஸ் தானாகக் கழிப்பதையும் சேர்த்து எழுதியிருக்கிறேன். வேண்டியவர்கள் காபி வேளையில் பார்த்துக் குறித்துக்கொள்ளலாம்.